சங்கிலியும் முளையும்

எங்க அப்பாவை ஊர்த்தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'எலி புடிக்கிறவன்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டால் 'விவசாயக் கூலி' என்று பாதி உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

கீழத்தஞ்சையில் வயலெலிக்கு மூங்கில் கிட்டிதான். பொழுது சாய வைத்தால் விடியலில் எலி கழுத்து நெரிபட்டுக் கிடக்கும். வரப்பைக் குடைகிற பெருச்சாளிக்குக் கிட்டி காணாது. இரும்பு இடுக்கி வேண்டும். இடுக்கி காலைத்தான் கவ்வும், கொல்லாது. கட்டி வைக்காவிட்டால் பெருச்சாளி இடுக்கியையும் இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விடும். ஆகவே வேலையெல்லாம் கட்டுவதில்தான்.

கயிற்றைக் கடித்து அறுத்துவிடும். கட்டுக்கம்பி முறுக்கி முறுக்கி ஒடிந்துபோகும். அப்பா சந்தையில் நாய்ச் சங்கிலி வாங்கி, சுற்றுகிற வளையம் உள்ள துண்டாகப் பார்த்து வெட்டிக்கொள்வார். "புடிபட்டது சும்மா கெடக்குமாடா? சுத்தும். அது சுத்துறப்ப வளையமும் சுத்தணும். இல்லேன்னா சங்கிலி முறுக்கிக்கும், இல்லே கால் அத்துப்போவும்" என்பார். நீளம் இரண்டு சாணுக்கு மேல் விடமாட்டார். நீளமாக விட்டால் ஓடிவந்து வெட்டி இழுக்கும், முளை ஆடிப்போகும்.

முளை மண்ணைப் பொறுத்தது. ஐப்பசிச் சேற்றில் குட்டை முளை நிற்காது. கெட்டி மண்ணைத் தொடும்வரை நீளமான கருவேல முளையை இறக்க வேண்டும். மாசியில் உளுந்து வயல் வெடித்துக் கிடக்கும். வெடிப்பு ஓரம் அடித்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். சங்கிலியை முளையின் கழுத்தில் மாட்டி, தலை மண்ணுக்குள் மறையும்வரை அடிப்பார். "தலை நீட்டுனா நெம்பிடும்" என்பார். விடியுமுன் போய்ப் பார்த்துவிடுவார். உயிர் வதைபடக் கூடாது என்பார்.

ஒரு மாசி மாதம் பெருச்சாளி வளையை வெட்டினோம். உள்ளே இரண்டு மரக்கால் தேறும் நெற்கதிர். நிலக்காரர் மகன் வந்தான், என் வயசுதான். "டேய், நெல்லு எங்க வயல் நெல்லு. எலிய நீ எடுத்துக்க" என்றான். "சரிங்க ஆண்டே" என்றார் அப்பா. எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எம்.ஏ. தமிழில் மருதத்தின் கருப்பொருளை மனப்பாடம் செய்தேன். விலங்கு: எருமை, நீர்நாய். தொழில்: களைகட்டல், நெல்லரிதல். வயலெலியும் இல்லை, அதைப் பிடித்து நெல்லைக் காத்தவனும் இல்லை. மண்ணின் ஈரத்தைக் காலால் அறிந்து முளையின் நீளத்தைச் சொன்னவருடைய அறிவுக்கு எந்தப் பாடத்திலும் இடமில்லை. அந்த அறிவுக்கு ஊர் வைத்த பேர் இழிவு.

1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. தாத்தா பண்ணையாள், அப்பா தினக்கூலி, நான் எம்.ஏ. சட்டம் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. அதற்காகச் செத்தவர்கள் உண்டு. ஆனால் அப்பாவின் சங்கிலியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த வளையத்தைத்தான் பார்க்கிறேன். கால் அறாமல் சுற்றிவர அது இடம் கொடுக்கும். அவ்வளவுதான். முளை இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

அது அடித்திருக்கிற மண்ணில் ஒரு குழிகூட இன்னும் எங்களுக்குச் சொந்தமில்லை.