தேரிக்காட்டிலிருந்து டோக்கியோவுக்கு

திருநெல்வேலி - திருச்செந்தூர் இருப்புப்பாதையில் ஆழ்வார்திருநகரிக்கும் குரும்பூருக்கும் இடையே அமைந்த ஊர் நாசரேத். பனைகளும் செம்மணல் தேரியும் சூழ்ந்த இவ்வூரில் காலை 6.30 மணியாகும்போது டோக்கியோவில் மணி 10. அந்நாட்டு இசைநிகழ்ச்சிகள் பலவற்றின் பொதுவிற்பனை தொடங்கும் நேரம் அது.

ஜப்பானியப் பாடல்களில் மனம் பறிகொடுத்து, 1964 ஒலிம்பிக் ஜூடோ போட்டிக்காக எழுப்பப்பட்ட புடோக்கான் அரங்கில் ஒருநாள் அமர விரும்பும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் இருக்கலாம். பெற்றோர் சில நடைமுறைகளை அறிந்திருத்தல் நலம்.

புகழ்பெற்றோரின் நிகழ்ச்சிகளுக்கு முந்தியவருக்கே சீட்டு என்பதில்லை. முதலில் ரசிகர் மன்றத்தாருக்கும், பின்னர் பிறருக்கும் குலுக்கல் நடைபெறுகிறது. விண்ணப்பிக்கப் பெரும்பாலும் ஜப்பானியத் தொலைபேசி எண் வேண்டும். தேர்வானவர் அங்குள்ள சிறுகடைகளில் பணம் செலுத்திச் சீட்டுப் பெறுவதும் உண்டு. அயலாருக்கு இவ்வழிகள் அடைபட்டிருப்பதால் இடைத்தரகர்கள் பன்மடங்கு விலை கேட்கின்றனர்.

அங்கேதான் ஆபத்து. மறுவிற்பனை தடைசெய்யப்பட்ட, பெயர் பதிந்த சீட்டுகளைக் கூடுதல் விலைக்கு விற்பதைத் தொழிலாகக் கொள்வது 2019 ஜூன் 14 முதல் ஜப்பானில் குற்றம். ஓராண்டு வரை சிறையோ, 10 லட்சம் யென் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பெயர் மாறிய சீட்டுடன் சென்றவரை வாயிலிலேயே திருப்பி அனுப்பவும் கூடும். விமானக் கட்டணமும் வீணாகும்.

அயல்நாட்டாருக்கென நடைபெறும் தனி விற்பனையை நாடுவதே நேர்வழி. கடவுச்சீட்டில் உள்ளவாறே பெயரைப் பதிக. இடம் உறுதியான பின்னரே பயணத்திற்குப் பணம் கட்டுக. இதே இருப்புப்பாதையில் உள்ள காயல்பட்டினத்தார் கடல்கடந்து வாணிபம் செய்தவர்கள். சென்ற நாட்டின் முறையறியாமல் அது நடந்திராது.