காளான் ஊறிய தண்ணீர்



சீனச் சமையலைப் பற்றி நம் குடும்பங்களில் பேச்செடுத்தால் முதலில் எழுவது சுவையைப் பற்றிய கேள்வியன்று, "அதை நாம் சாப்பிடலாமா?" என்பதே. கேள்வி நியாயமானது. பன்றிக் கறி வதங்கிய அதே வாணலியில் அடுத்தவருக்கு மாட்டிறைச்சி வதங்கும். தாளிக்கும் கொழுப்பு எதன் கொழுப்பென்று தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக மது. சாவ்ஷிங் எனப்படும் அரிசி மதுவைச் சீனச் சமையற்காரர் நாம் எலுமிச்சை பிழிவதுபோல இயல்பாக ஊற்றுவார். அடுப்பின் சூட்டில் அது ஆவியாகிவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. இரண்டு நிமிட வதக்கலில் முழுவதும் ஆவியாவதில்லை. ஆவியானாலும், மதுவை வாங்கி வந்து உணவில் ஊற்றுவது நமக்கு ஆகுமானதாகிவிடாது.

அந்த மதுவை எதற்காக ஊற்றுகிறார்கள்? இறைச்சியின் கவிச்சை நீங்குவதற்கும், சட்டியில் ஒரு மணம் எழுவதற்கும். கவிச்சைக்கு நம்மிடம் இஞ்சி இருக்கிறது, அவர்களிடமும் இருக்கிறது. மணத்துக்கு உலர்ந்த ஷிட்டாகே காளான் ஊறிய தண்ணீர் ஒன்றே போதும். இதைக் கண்டுபிடிக்க நாம் சிரமப்படவேண்டியதில்லை. சீன நாட்டின் ஹூய் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாகப் பன்றியும் மதுவும் இன்றியே சமைத்து வருகிறார்கள். ஹலால் உணவுக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'சிங்ஜென்'. தூய்மையும் உண்மையும் என்பது அச்சொல்லின் பொருள். இன்று சீனா முழுவதும் விரும்பி உண்ணும் லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் அவர்கள் கையிலிருந்து வந்ததே. ஆகவே சீனச் சுவை வேறு, ஹராம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணும் வழக்கம் மட்டும் நம்மிடையே நிலைத்துவிட்டது.

சிங்கப்பூரில் வாழும் நம்மவருக்கு இது அயலார் விஷயமும் அன்று. சைனாடவுனின் நடுவே, சவுத் பிரிட்ஜ் சாலையில், 1826-இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளி நிற்கிறது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயிலும் நம் குச்சுப்பள்ளியும் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகத் தெருவைப் பகிர்ந்து கொண்டோம். அடுப்பங்கரைகள் மட்டும் தனித்தனியே இருந்துவிட்டன.

எங்கள் அடுக்குமாடியில், இரண்டு தளங்கள் மேலே, இஸ்லாத்தை ஏற்ற ஒரு சீனச் சகோதரி வசிக்கிறார். அவர் கலிமா சொல்லி இரண்டு நோன்பு மாதங்கள் கடந்திருந்தன. பள்ளியில் பிரியாணி, விருந்தில் பிரியாணி, பெருநாளில் ரெண்டாங்; எல்லாவற்றையும் நன்றியோடு உண்டார். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் உம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, மெல்லக் கேட்டார்: "முஸ்லிமாகிவிட்டால் என் அம்மா சமைத்ததை இனி நான் மறந்துவிடவேண்டுமா?" இந்நாட்டில் ஒருவர் இஸ்லாத்துக்கு வந்தால் 'மலாய்க்காரராகிவிட்டார்' என்று சொல்லும் வழக்கம் பழையது. அச்சொல்லின் பாரத்தை அதைச் சுமப்பவரே அறிவார். மார்க்கம் அவரிடம் விடச் சொன்னவை சில; அம்மாவின் கைமணம் அவற்றுள் ஒன்றன்று.

அந்த வாரக் கடைசியில் அவரையே எங்கள் அடுப்பின் முன் நிறுத்தினோம். அவர் அம்மா சமைப்பது பன்றிக் கறியும் காளானும். அதை மாட்டிறைச்சிக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. தேக்காச் சந்தையில் நம்மவர் கடையில் தொடைக்கறி 400 கிராம் வாங்கினோம்; நால்வருக்குத் தாராளம். கறியை அரைமணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் சற்று இறுகும். அப்போதுதான் கத்தி மெல்லியதாக ஓடும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டவேண்டும். இந்த ஒன்றைத் தவறவிட்டால் மற்ற எதுவும் கறியைக் காப்பாற்றாது. வெட்டிய துண்டுகளில் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி சோள மாவு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், சிறிது வெள்ளை மிளகுத்தூள் பிசறி ஊறவைத்தோம். எட்டுக் காளான்களை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, காம்பை நீக்கி, தண்ணீரை மண்டி கலவாமல் வடித்து எடுத்தோம். அத்தண்ணீரைக் கொட்டிவிடுபவர்கள் இந்தச் சமையலின் உயிரைக் கொட்டிவிடுகிறார்கள்.

இரும்பு வாணலி புகையும் அளவுக்குக் காயவேண்டும். பிஸ்மி சொல்லி, எண்ணெய் விட்டு, கறியை ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, ஒருமுறை புரட்டி உடனே எடுத்துவிட வேண்டும். நம் கை இங்கேதான் தடுமாறும். மாட்டிறைச்சி என்றாலே குக்கரில் ஏழு விசில் வைத்துப் பழகிய கை அல்லவா! மெல்லியதாக வெட்டிய கறிக்கு இந்தச் சூடு போதும். பின்பு அதே வாணலியில் இஞ்சிக் கீற்றுகளும் பூண்டும். அவை மணந்ததும் காளான். பிறகு காளான் தண்ணீர் அரைக் கோப்பை, சாஸ், ஒரு சிட்டிகைச் சர்க்கரை. கொதித்ததும் கறியைத் திரும்பச் சேர்த்து, தண்ணீரில் கரைத்த சோள மாவு ஒரு கரண்டி விட்டால் ஆணம் பளபளவென்று கறியைப் பற்றிக்கொள்ளும். இறக்கியபின் வெங்காயத்தாளும், வறுத்த எள்ளில் எடுத்த சீன நல்லெண்ணெய் சில துளிகளும். நம் செக்கு நல்லெண்ணெய் அருமையானதுதான். ஆனால் இந்த இடத்துக்கு அதன் மணம் பொருந்தாது.

சாஸ் பாட்டிலில் ஹலால் முத்திரை பார்த்தே வாங்குகிறோம். இங்கே சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் அதனை வழங்குகிறது. சிப்பி சாஸில் எங்கள் வீட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பக்கம் ஷாஃபிஈ, மறுபக்கம் ராவுத்தர் வழி வந்த ஹனஃபி. கடலில் மீனைத் தவிர மற்றதை ஹனஃபி மத்ஹபினர் உண்பதில்லை. இதை முன்னிட்டு ஆண்டுக்கொருமுறையாவது எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு சிறு மஜ்லிஸ் நடக்கும். சகோதரி சிரித்துக்கொண்டே, சிப்பியே இல்லாமல் காளானில் செய்த சாஸ் கடையில் உண்டே என்றார். எங்கள் வீட்டு மத்ஹபுகள் இரண்டையும் ஒரு பாட்டில் சமாதானப்படுத்தியது இப்படித்தான்.

உம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அன்றுவரை சீனச் சமையலை வாயில் வைத்ததில்லை. தட்டை அருகே இழுத்துப் பார்த்து, "மசாலா எங்கே?" என்றார்கள். பின்னர் ஒரு வாய். பின்னர் இன்னும் கொஞ்சம் சோறு. சகோதரியிடம் தம் சந்தை மலாயில் "செடாப்" என்றார்கள். அந்தப் பெண் எழுந்து சென்று முகம் கழுவி வந்தார்.

கதை அங்கே முடியவில்லை. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு, பிள்ளைகள் எல்லாரும் பெற்றோர் வீட்டில் கூடி உண்பது அவர்கள் மரபு. முந்தைய ஆண்டு அம்மாவின் மேசையில் அவர் வெறும் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு அமர்ந்திருந்தாராம். அம்மாவுக்கு அது தம்மை மறுப்பதாகவே பட்டது. இணைவைப்பவராக இருந்த தம் தாயார் வந்தபோது உறவைப் பேணலாமா என்று அஸ்மா (ரலி) அவர்கள் கேட்டதும், பேணுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதும் நாம் அறிந்ததே. ஆனால் உறவைப் பேண ஒரு சட்டியும் கரண்டியும் கூடத் தேவைப்படுகிறது.

இம்முறை, தாமே சமைத்து எடுத்துச் செல்வதென்று சகோதரி முடிவு செய்தார். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது: அவர் அம்மா மாட்டிறைச்சி உண்பதில்லை. குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனர் பலர் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பார்கள். அண்டை வீட்டுச் சீனருக்கு நம் வீட்டிலிருந்து எதையேனும் கொடுத்தனுப்புவோர் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நம் விலக்கை அவர்கள் மதிக்கவேண்டுமென எதிர்பார்க்கிறோம் அல்லவா? ஆகவே மாட்டிறைச்சிக்குப் பதில் ஹலால் கோழித் தொடை, மற்றதெல்லாம் அதே. புது வாணலி ஒன்றை எங்கள் உம்மா வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவரிடம், "அம்மா சாப்பிட்டார்களா?" என்று உம்மாதான் முதலில் கேட்டார்கள். சாப்பிட்டார்களாம். மதுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மகள் இவ்வளவு அவசரக்காரியா, காளானை வெந்நீரில் போட்டு ஊறவைக்கலாமா, முதல்நாள் இரவே பச்சைத் தண்ணீரில் போட்டிருக்க வேண்டாமா என்று மட்டும் கடிந்துகொண்டார்களாம். அவர் சொன்னபடி செய்து பார்த்தோம். தண்ணீர் இன்னும் கருத்து, மணம் இரட்டிப்பாயிற்று. இப்போது வெள்ளி இரவு இஷாவுக்குப் பின் எங்கள் வீட்டில் யாரேனும் ஒருவர் காளானை ஊறப்போட்டுவிடுகிறோம்.