கொதிக்கவைத்துக் காப்பது

பெப்ரவரி 4

மட்டக்களப்பின் படுவான்கரையில் பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் உன்னிச்சைப் பக்கத்து வீடுகளில் அடுப்படியில் நிற்க ஆள் கிடைப்பது அரிது. இப்படிப்பட்ட நாட்களில்தான் ஸ்லோ குக்கர் என்னும் மின்சட்டியைப் பற்றிப் பேசுவதற்குப் பொருள் இருக்கிறது. விடியலில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது கறி தயாராக இருக்கும் என்பதுதான் அது தரும் வாக்குறுதி. அமெரிக்க வீடுகளில் அதில் வழக்கமாக வேகும் பண்டங்களுள் ஒன்று சில்லி: இறைச்சி, கொச்சிக்காய், சீரகம், உள்ளி, பெரும்பாலும் சிவப்பு அவரை விதையும் சேர்ந்த கெட்டிக் குழம்பு. டெக்சாஸ் மாநிலம் 1977இல் அதைத் தன் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது. அவரை விதை போட்டால் அது சில்லியே இல்லை என்று டெக்சாஸ்காரர் பலர் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஊர்க்கோழியோ ஆட்டிறைச்சியோ போட்டு, கௌபியும் செத்தல் மிளகாயும் சேர்த்தால் நம் சட்டிக்கு அந்நியமான பண்டம் இதில் ஒன்றுமில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: உன்னிச்சைக்கு அந்தச் சமையல் முறை நன்றாகப் பொருந்தும், அந்தக் கருவி தேவையில்லை.

அந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே இது விளங்கும். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு ரைவல் நிறுவனம் அதை வாங்கி, 1971இல் ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாக்சனுக்கு யோசனை கொடுத்தது அவர் தாய் சொன்ன லித்துவேனியா ஊர் வழக்கம். யூதர்கள் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவதில்லை. ஆகவே முதல்நாள் மாலையே இறைச்சியும் அவரையும் போட்ட பானையை ஊர் வெதுப்பகத்தில் கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்து ஆறிக்கொண்டிருக்கும் போறணைக்குள் அது இரவெல்லாம் வேகும். மின்சட்டியின் மூலத்தில் மின்சாரம் இல்லை, எரியும் நெருப்பும் இல்லை. ஏற்கெனவே ஏறிய சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பெப்ரவரி 7

சூட்டைப் பிடித்து வைப்பது ஏன் லாபம் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் வேண்டும். அதே லீற்றரை ஆவியாக்க 2,250 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். ஆக, கறி கொதித்த பின்னும் இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்திருந்தால் விறகின் பெரும்பகுதி ஆவியை ஊருக்குள் விடவும் அடுப்படிச் சுவரைச் சூடாக்கவும்தான் போகிறது. இறைச்சி மெதுவாவதற்குக் கொதி தேவையில்லை. தசையை இறுக்கிக் கட்டியிருக்கும் கொலாஜன் 70 பாகை அளவிலேயே கரையத் தொடங்கும். 80, 90இல் நன்றாகக் கரையும். அதற்கு வேண்டியது நேரம். முற்றின ஊர்க்கோழிக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும்.

200 வாட் மின்சட்டி ஒன்று 8 மணி நேரம் ஓடினால் 1.6 அலகு மின்சாரம். பெரிய செலவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அடுத்த மாதம் 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலன் 4,860 ரூபாவுக்கு ஏறியது. பாதி வழியில் மின்சாரம் நின்ற சட்டிக்குள் இறைச்சி வெதுவெதுப்பாகக் கிடப்பது சிக்கனமல்ல, ஆபத்து. உலகப்போர்க் காலங்களில் ஐரோப்பியர் எரிபொருளை மிச்சம் பிடிக்க, கொதித்த பானையை வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் மூடிவைத்துச் சமைத்தார்கள். இங்கே அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலுக்கா பஞ்சம்?

பெப்ரவரி 12

மின்சட்டியில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சிவப்பு அவரை விதையில், கடையில் ராஜ்மா என்று விற்பதில், லெக்டின் வகை நஞ்சு ஒன்று இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து விதையே வாந்தியும் வயிற்றோட்டமும் தரப் போதும். உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கும். 80 பாகை அளவில் வேகவைத்தால் நஞ்சு அழியாததோடு, பச்சை விதையைவிட ஐந்து மடங்கு வரை கூடவும் கூடும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கையேடு. மின்சட்டியில் வெந்த அவரையை அளந்தபோது உள்வெப்பம் 75 பாகையைத் தாண்டாத சந்தர்ப்பங்களும் அதில் பதிவாகியுள்ளன. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடு என்பதே அது சொல்லும் வழி. ‘போட்டு மூடிவிட்டுப் போ’ என்ற வாக்குறுதி இந்த இடத்தில் உடைகிறது. வைக்கோல் பெட்டியில் கொதிக்காத பானையை வைத்தால் ஒன்றுமே வேகாது; அதனால் முதலில் கொதிக்கவைத்தே ஆகவேண்டும். கௌபியில் இந்த நஞ்சு மிகக் குறைவு. ஆனாலும் அதையும் கொதிக்கவைத்தே மூட வேண்டும், இல்லாவிட்டால் கல்லாகவே கிடக்கும்.

பெப்ரவரி 16

மறுப்புகளில் வலுவானது பிரஷர் குக்கர். அது 120 பாகை வரை ஏறும், நஞ்சும் அழியும், கௌபி சில விசிலில் மசியும். விதை மட்டும் என்றால் அதுவே மேல், வாதாட ஒன்றுமில்லை. இறைச்சிக்கு அது பாதிதான் பொருந்தும்: அந்தச் சூட்டில் கொலாஜன் கரைகிற வேகத்துக்குத் தசைநாரும் சாறிழந்து சக்கையாகிறது. கௌபியைக் குக்கரிலும் இறைச்சியை வைக்கோலிலும் வைத்துப் பிறகு சேர்ப்பதை யார் தடுத்தார்கள்?

அடுத்தது, பழுதாகிவிடாதா என்பது. இதை லேசாகத் தள்ள முடியாது. 60 பாகைக்குக் கீழே இறங்கிய கறியில் கிருமி பெருகும். சில கிருமிகள் விடும் நஞ்சு திருப்பிக் கொதிக்கவைத்தாலும் போகாது. ஆகவே, விடியலில் வைத்ததைப் பொழுதுபட எடுக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து மணி நேரம் வைத்ததை மத்தியானம் திறந்து, கொதிக்கவைத்து, வயலுக்குச் சோற்றோடு கொடுத்துவிடலாம். யானை வராமல் வயலில் காவல் இருப்பவர்களுக்கென்றால் பின்னேரம் கொதிக்கவைத்து மூடி, இரவு சுடச்சுடக் கொண்டுபோகலாம். பானை பெரிதாக, முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும். சின்னப் பானையில் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். இடையில் திறந்து பார்க்கிற பழக்கம்தான் இந்த முறைக்கு முதல் எதிரி.

பெப்ரவரி 20

செய்கையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஆவி போகாததால் குழம்பு வற்றாது. வழக்கத்தைவிட நீரைக் குறைத்தே விட வேண்டும். புளியும் தக்காளியும் ஆரம்பத்தில் சேரக்கூடாது; அமிலம் பட்ட விதையின் தோல் இளகாது. கிணற்று நீர் வன்னீராக இருந்தாலும் இதே தொல்லைதான். ஊறவைக்கும் நீரில் உப்புப் போட்டால் கொஞ்சம் குறையும். உள்ளியும் வெங்காயமும் கொச்சிக்காய்த்தூளும் முதலிலேயே எண்ணெயில் வதங்க வேண்டும். மூடிய சட்டிக்குள் வறுத்த வாசம் பிறக்காது. தேங்காய்ப்பாலின் முதற்பாலைக் கடைசிக் கொதியில்தான் விடவேண்டும், முன்பே விட்டால் திரிந்துபோகும். பானையின் அடியில் தணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்த பிறகே வைக்கோலுக்குள் இறக்க வேண்டும், சொல்லத் தேவையில்லை. அடியிலும் சுற்றிலும் ஒரு சாணுக்குக் குறையாமல் வைக்கோலை அமுக்கி, மேலே வைக்கோல் அடைத்த சாக்கொன்றைத் தலையணைபோல் வைத்தால் போதும். மாரி மாதங்களில், நவம்பர் முதல் ஜனவரி வரை, வைக்கோல் ஈரம் குடித்துக் காப்பு விட்டுப்போகும். அந்தக் காலத்துக்கு ஆலையிலிருந்து உமியைச் சாக்குகளில் இறுகக் கட்டி, வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.