பெயர் தொலைந்த குரல்கள்

ரெங்கம் என்று சொன்னால் பலரும் "ஓ, சிம்பாங் ரெங்கமா?" என்று கேட்பார்கள். இல்லை. நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பது அந்த ஊர். நான் சொல்வது ரயில் பாதையை ஒட்டிய ரெங்கம். குளுவாங்கிற்கும் லாயாங்-லாயாங்கிற்கும் நடுவில், செம்பனைக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ஊர். என் பெரியம்மா வீடு அங்கேதான். பெரியம்மாவின் மூத்த மகன், எனக்கு அண்ணன், பதினெட்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் சர்வர் அறைகளில் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டோடு வந்துவிட்டார். கணினி கெட்டுப்போனால் ஊரில் எல்லாரும் அவரைத்தான் தேடி வருகிறார்கள். கூலியாகப் பல நேரம் பலாப்பழமும் முருங்கைக்காயும்தான் கிடைக்கும்.

அவரிடம் நான் கொண்டுபோனது ஒரு பழைய சர்வர். 2007-இல் வாங்கியது. பாரம் ஒரு மூட்டை அரிசி இருக்கும்.

நான் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் படித்தபோது, 2010-இல், மாணவர்கள் நால்வர் சேர்ந்து ரெங்கத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வயதானவர்களைச் சந்தித்துப் பேச்சைப் பதிவு செய்தோம். மொத்தம் 23 பேர், 38 ஒலிப்பதிவுகள். அவற்றை ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தின் சர்வரில் வைத்திருந்தார்கள். அந்தக் கூடம் எரித்து வைத்திருந்த டிவிடிகளில் பூஞ்சை பிடித்து, ஒன்றுகூட ஓடவில்லை. சென்ற ஆண்டு கூடத்தையே மூடிவிட்டார்கள். "வேணும்னா எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா பழைய இரும்புக்குப் போயிரும்" என்றார் உரிமையாளர். இயந்திரம் கிளம்பவில்லை என்றும் சேர்த்தே சொன்னார். பேசிய 23 பேரில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மூவர். மறைந்தவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர்.

பெட்டியின் முன்பக்கம் ஓர் ஒட்டுப்படம். கொம்பும் வாலும் வைத்த சிவப்பு உருவம், கையில் முள்கரண்டி மாதிரி ஓர் ஆயுதம். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது என்னாம்மா, முனியா? வீட்டுக்குள்ள ஏன் கொண்டாந்த?" என்றார். அது ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் சின்னம். யூனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளை.

யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி இருவரும் அதன் பெற்றோர் மாதிரி. பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கிளையிலிருந்து 1993-இல் ஃபிரீபிஎஸ்டி வந்தது. உங்கள் ஐபோனுக்குள்ளும் மேக் கணினிக்குள்ளும் பெர்க்லி கிளையின் ரத்தம் ஓடுகிறது. வாட்ஸ்அப் வளர்ந்து வந்த ஆண்டுகளில் அதன் சர்வர்களும் இதே ஃபிரீபிஎஸ்டியில்தான் ஓடின. உறவுக்குழுவில் நாம் அனுப்பிய காலை வணக்க ரோஜாப் பூக்களைப் பல ஆண்டுகள் சுமந்தவர் பெரியம்மா பயந்த இந்த முனிதான்.

முதல் நாள் திரையே வரவில்லை. அண்ணன் நினைவகச் சில்லுகளைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தார். பள்ளிக்கூட அழிப்பான்தான். திரை வந்தது. ஆனால் தேதி 2002 ஜனவரி 1 என்று காட்டியது. உள்ளே இருந்த காசு வடிவ பேட்டரி செத்திருந்தது. சில ரிங்கிட் விலைதான், கடைத்தெருவில் கிடைத்தது.

பேட்டரியை மாற்றும்போது அண்ணன் தன் மடிக்கணினியில் ஒரு வேடிக்கை காட்டினார். யூனிக்ஸ் நேரத்தை நொடிகளாக எண்ணும். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு அதற்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை மலேசிய நேரத்தில் காட்டச் சொன்னால், எட்டு மணி நேர வித்தியாசப்படி காலை 8 என்றுதானே வர வேண்டும்? வந்தது 7:30! கெட்டுப்போனதாக்கும் என்று நினைத்தேன். "அதுக்கு ஞாபகம் இருக்குமா, நமக்குத்தான் இல்ல" என்றார் அண்ணன். 1981 முடியும்வரை தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக்கோடு ஒத்துப்போக அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். தினமும் ஒலிவாங்கி முன் நேரம் சொல்லிப் பிழைக்கிறவள் நான். எனக்கு இது தெரியாது. பக்கத்தில் இருந்த பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "ஆமா, அந்த வருசம் பெரட்டுக்கு எந்திரிக்கிறப்ப இன்னும் இருட்டா இருந்துச்சு" என்றார்.

பேட்டரி மாற்றியதும் இயந்திரம் கிளம்பியது, பாதி தூரம். வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. பிறகு நின்றது. கோப்பமைப்பில் முரண்பாடு இருக்கிறது, சோதனைக் கட்டளையை நீயே கையால் ஓட்டு என்று ஒரு வரி. அதன் கீழே வெறும் கட்டளைக் குறி. ஒற்றைப் பயனர் நிலை என்பார்கள். பல பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்தப் பிறந்த யூனிக்ஸ், உடம்பு சரியில்லாதபோது மற்ற எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு ஒருவரோடு மட்டும் பேசும் நிலை அது. மருத்துவமனையில் ஒரு துணையாள் மட்டும் உள்ளே இருக்கலாம் என்பார்களே, அப்படி.

அந்தச் சோதனைக் கட்டளையின் பெயர் எஃப்எஸ்சிகே. வட்டில் உள்ள கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொரு குழப்பத்துக்கும் கேள்வி கேட்கும். இதை மீண்டும் இணைக்கவா? இதை அழித்துவிடவா? ஆம், இல்லை என்று ஒரே எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லவும் ஒரு வழி உண்டு. அவசரக்காரர்கள் அதைத்தான் செய்வார்கள். அண்ணன் எதையும் தட்டவில்லை. மின்சாரத்தை நிறுத்தினார்.

"மொத நகல் எடுக்கணும். வைத்தியம் எல்லாம் நகலுக்குத்தான். அசல தொடவே கூடாது."

வன்தட்டை வெளியே எடுத்து வேறு கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட்டினார். அதன் குணம் எனக்குப் பிடித்திருந்தது. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக நகலெடுத்துக்கொள்ளும். படிக்க முடியாத இடம் வந்தால் முட்டி மோதாமல் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். எல்லாம் முடிந்த பிறகு குறித்த இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். சாகக் கிடக்கும் வட்டு எந்த நிமிடமும் நிற்கலாம், எனவே எளிதில் கிடைப்பதை முதலில் காப்பாற்று என்ற கணக்கு. 250 ஜிகாபைட். ஓர் இரவும் மறுநாள் மதியம்வரையும் ஆனது. பாதி ராத்திரியில் வட்டு 'டக், டக்' என்று சத்தம் போட, அண்ணன் எழுந்து வந்து மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார்.

காத்திருந்த நேரத்தில் அவர் இரண்டு கதை சொன்னார். 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி சர்வரிலிருந்து காணாமல் போனது. காப்பு நகலும் சரியாக இல்லை. கேலின் சூஸ்மன் என்ற அதிகாரி, கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு நகல் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். படம் 1999-இல் வெளிவந்தது. இதைச் சொல்லும்போது அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சர்வரைக் கோலாலம்பூரிலிருந்து போர்வையில்தான் சுற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

இன்னொன்று புதிய செய்தி. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பொருள் வைக்கும் அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய காந்த நாடா கிடைத்தது. 1973-இல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பு. சி மொழியில் திரும்ப எழுதப்பட்ட யூனிக்ஸின் முதல் பதிப்பு அது. உலகத்தில் முழுப் பிரதி இல்லை என்றே நினைத்திருந்தார்கள். 2025 டிசம்பரில் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் அதைப் படித்து மீட்டார்கள். ஐம்பது வயதைக் கடந்த நாடா பிழைத்துவிட்டது. நம் ஈரப்பதத்தில் டிவிடிகள் பதினைந்து ஆண்டு தாங்கவில்லை.

நகல் கிடைத்ததும், அதன்மேல் எஃப்எஸ்சிகேயை ஓட்டினோம். நூற்றுக்கு மேல் கேள்விகள். ஒவ்வொன்றையும் அண்ணன் படித்துவிட்டுத்தான் பதில் கொடுத்தார். கடைசியில் கோப்புகள் வந்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை.

இது எனக்குப் புதிது. நாம் கோப்புக்கு வைக்கும் பெயர் கோப்புக்குள் இருக்காதாம். யூனிக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் கொடுக்கும். அளவு, உரிமையாளர், கடைசியாக எழுதிய நாள், வட்டில் எங்கெங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்த எண்ணோடுதான் ஒட்டியிருக்கும். பெயர் இருப்பது அடைவில், தனியாக. நம் அடையாள அட்டை எண் மாதிரிதான். ஆளை ஊரில் எந்தப் பட்டப்பெயரில் கூப்பிட்டாலும் அரசாங்கத்துக்கு எண்தான் ஆள். எங்கள் வட்டில் அடைவு இருந்த இடம் கெட்டுப்போயிருந்தது. பெயர்ப் பட்டியல் போய்விட்டது, ஆட்கள் மட்டும் மிச்சம். அப்படி அநாதையான கோப்புகளைப் போட்டு வைக்க யூனிக்ஸில் ஓர் இடம் உண்டு. அதன் பெயரே 'தொலைந்ததும் கிடைத்ததும்'. ரயில் நிலையத்தில் குடை, பை எல்லாம் வைத்திருக்கும் அறையைப்போல.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு வேலை இல்லை, எனக்குத்தான். மூன்று வார இறுதிகள் ரெங்கத்துக்குப் போய், காதில் ஒலிவாங்கும் கருவியை மாட்டிக்கொண்டு, எண்களாக நின்ற கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். என் 2010 நோட்டுப்புத்தகத்தில் நாளும் இடமும் இருந்தன. கோப்பில் கடைசியாக எழுதிய நாளும் மணியும் பிழைத்திருந்தன. இரண்டையும் ஒட்ட வைத்து, குரலை வைத்து ஆளைப் பிடித்தேன். சிரமமான குரல்களுக்குப் பெரியம்மா உதவினார். "இது மேட்டு லயத்துக்காரரு. 'மங்கு'ங்கிறத எப்பிடிச் சொல்றாரு பாரு." ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த பாட்டியை அவர் ஓர் இருமலிலேயே கண்டுபிடித்தார்.

38-இல் முழுதாக வந்தவை 31. நான்கில் ஆங்காங்கே ஓட்டை. மூன்று இல்லவே இல்லை.

பெரியப்பாவின் பதிவு அந்த நான்கில் ஒன்று. பால்மரத்தில் பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், மரத்துக்குக் காயம் படாமல் கத்தியை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். பதினோராவது நிமிடத்தில் 14 நொடி சுத்தமான மௌனம். வட்டில் படிக்க முடியாத இடத்தை மென்பொருள் பூஜ்யங்களால் நிரப்பியிருக்கிறது. பூஜ்யத்தின் ஒலி மௌனம். பிறகு வாக்கியத்தின் நடுவிலிருந்து பேச்சு தொடர்கிறது. வானொலியில் மூன்று நொடி மௌனம் விழுந்தாலே தொலைபேசி அடிக்கும். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், "அக்கா, ஏஐ வெச்சு அவரு குரல்லயே அத நிரப்பிடலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் சொல்லாத ஒரு சொல்லை அவர் வாயில் வைக்க நான் யார்? அந்த 14 நொடியை வெட்டி ஒட்டவும் இல்லை.

பெரியம்மா அந்தப் பதிவைக் கேட்டபோது அழுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியப்பா பேசும்போது பின்னால் ஒரு பெண் குரல் கோழியை விரட்டிக்கொண்டே, "தண்ணி கலக்கவா, இன்னும் பேசி முடியலயா?" என்று கத்துகிறது. "நான்தான் அது! எவ்ளோ சத்தம்!" என்றார். அந்த இடத்தை மட்டும் நான்கு முறை போடச் சொன்னார்.

இப்போது நகல்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. என் வீட்டில், பெரியம்மா வீட்டு அலமாரியில், இணையச் சேமிப்பில். சர்வரின் அசல் வட்டை அண்ணன் மறுபடி மாட்டவில்லை.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. வேறொருவரின் பதிவு முடிந்து, கருவியை அணைக்க மறந்த நேரத்தில், ஒரு மூதாட்டி ஆறு நிமிடம் பேசுகிறார். நோட்டுப்புத்தகத்தில் இவர் இல்லை. மற்ற மூவரையும் கேட்டேன், யாருக்கும் நினைவில்லை. ஜப்பான் காலத்தில் தான் பத்து வயதுப் பிள்ளை என்கிறார். அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும், ரெங்கம் ஸ்டேசனில் ரயிலேற்றியபோது அப்பா தன் துண்டை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்றும் சொல்கிறார். அப்பா திரும்பவில்லை. 'ர' வரும் இடமெல்லாம் அவருக்கு லேசாக நாக்கு உருளும். பேச்சின் நடுவே யாரோ அவரை "சின்னத்தா" என்று கூப்பிடுகிறார்கள். 2010-இல் ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த இந்தச் சின்னத்தாவை உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது தெரிகிறதா என்று கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.