தாடைக் கீல்

பல்லுக்கு மருத்துவர் உண்டு. காதுக்கும் மருத்துவர் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே, காது மடலுக்குச் சற்று முன்பாக இருக்கும் அந்தச் சிறு மூட்டு நோகத் தொடங்கினால் எவர் வாயிலை நாடுவது என்பது நம்மில் பலருக்கு விளங்காத ஒன்று. திண்டிவனத்தில் இருந்துகொண்டு ஈராண்டுக் காலம் அந்நோயுடன் உழன்றவர்கள் என்ற முறையில் சில சொல்லத் துணிகிறோம்.

தொடக்கம் மிக எளியது. வாயைத் திறக்கும்போது இடக் காதருகே 'டக்' என்றோர் ஓசை, வலி இல்லை. சில திங்கள் சென்றபின், காலையில் எழும்போதே கன்னம் கனத்தது. அடுத்துக் காதுக்குள் குத்தல். ஹஜ்ஜுப் பெருநாளன்று பிரியாணியில் இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் மென்றோம். முடிவில் இரு விரல் நுழையும் அளவுக்குமேல் வாய் திறக்க மறுத்துவிட்டது.

உணவு போனால் போகட்டும். நோன்புக் கஞ்சியில் வளர்ந்த சமுதாயத்துக்குக் கஞ்சி புதிதன்று. நம்மை உலுக்கியது வேறு. அல்ஹம்து சூராவின் இறுதிச் சொல்லை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள 'ளாது' எழுத்துக்கு நாவின் ஓரம் மேற்கடைவாய்ப் பற்களைத் தொடவேண்டும். தொட்ட கையோடு ஆறு ஹரகத் அளவுக்கு நீட்டவேண்டும். மதரஸாவில் உஸ்தாத் விரல் மடக்கி எண்ணிக் கற்பித்த நீட்டல் அது. நாளொன்றுக்கு ஃபர்ளு மட்டுமே 17 ரக்அத். ஒவ்வொன்றிலும் அச்சூரா உண்டு. ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த நாம் இமாமின் பின்னே நின்றாலும் அதை ஓதியாகவேண்டும். மூன்றாம் ஹரகத்திலேயே தாடை நடுங்கி மூடிக்கொண்டது. தொழுகையில் நின்றுகொண்டே அடுத்த ரக்அத்தை அஞ்சும் நிலை வந்ததே என்றுதான் மனம் வெதும்பியது.

திண்டிவனத்தில் ஒரு பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லின்மேல் பழி போட்டார். பல் போயிற்று, வலி போகவில்லை. காதுக் குத்தலுக்காக ரயிலேறி விழுப்புரம் சென்றோம். அங்கிருந்த காது மருத்துவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, இரு காதுகளின் முன்னும் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். "பாய், காதிலே ஒரு குற்றமும் இல்லை. கீல்தான் தொல்லை தருகிறது" என்றார். காது மருத்துவர் ஒருவர் இதைக் கண்டதில் வியப்பில்லை. 1934இல் இந்நோய்க் குறிகளைத் தொகுத்து எழுதிய அமெரிக்கர் ஜேம்ஸ் காஸ்டனும் காது மருத்துவரே. கடைவாய்ப் பற்கள் இல்லாமையே காரணம் என்று அவர் கொண்ட கருத்து மட்டும் பிற்பாடு நிலைக்கவில்லை.

அவர் சொற்படி புதுச்சேரிப் பேருந்தில் ஏறி, நகருக்கு முன்னதாகவே கோரிமேட்டில் இறங்கி, அங்குள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றோம். ஓர் இளம் மருத்துவர் சிறு அளவுகோலால் வாயை அளந்தார்: 27 மில்லிமீட்டர். நாற்பதுக்குக் குறையாமல் இருக்கவேண்டுமாம். கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதற்குக் கீல் இரண்டு. ஒன்று முரண்டினால் மற்றதும் தடுமாறும். ஒவ்வொரு கீலினுள்ளும் மெத்தை போன்று ஒரு வட்டு இருக்கிறது. அது முன்னே நழுவித் திரும்பும்போது எழுவதே அந்த 'டக்'. நழுவியது திரும்பாவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். இப்னு சீனா (980-1037) தம் 'கானூன்' நூலில் தாடை இடம்பெயர்ந்தால் சேர்க்கும் முறையை எழுதியிருக்கிறார் என்று நண்பரொருவர் நினைவூட்டினார். அது எலும்பே விலகிய நிலைக்கு. நம்முடையது உள்ளே வட்டு நழுவியது.

வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், சென்னைக்குப் போய் மூட்டையே மாற்றிவிடலாம் என்று வற்புறுத்தினார். அன்பின் மிகுதி! அமெரிக்காவில் 1980களில் டெஃப்ளான் கலந்த செயற்கை வட்டுகளை இக்கீலில் பொருத்தினார்கள். அவை தேய்ந்து துகளாகி எலும்பையே அரித்தமையால் 1990-91இல் திரும்பப் பெறப்பட்டன. 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நாட்பட்ட தாடை வலிக்குப் பயிற்சியையும் மனத் தளர்வையும் முன்னே வைத்து, வட்டை வெட்டி அகற்றுவதை வேண்டாம் என்கிறது.

கோரிமேட்டில் சொன்னவையும் சிறியனவே: மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், உதடு மூடியிருந்தாலும் பற்கள் ஒன்றையொன்று தொடாதிருத்தல், நாவின் நுனியை மேலண்ணத்தில் ஊன்றியவாறு மெல்லத் திறந்து மூடுதல். கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ளவேண்டும். இவ்வளவுதானா என்று வீட்டில் முகம் சுளித்தார்கள். பயிற்சியை ஐவேளைத் தொழுகையின் பின்னே, தஸ்பீஹை முடித்த கையோடு, ஆறு முறை வீதம் வைத்துக்கொண்டோம். மறதிக்கு இடமில்லாமல் போயிற்று.

ஏழு மாதம் கழிந்தபின் அளவுகோல் 36 காட்டியது. இறைச்சியைச் சிறிதாக அரிந்து உண்கிறோம். காதுக் குத்தல் குளிர்ந்த காற்றில் மட்டும் தலைகாட்டுகிறது. 'ளாது'வுக்குப் பின் ஐந்து ஹரகத் வரை தாடை நிற்கிறது. ஆறாவதற்கு இன்னும் இணங்கவில்லை. ஷவ்வால் மாதத்தில் மீண்டும் அளக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.