வெயில் பார்த்துப் போட்ட பாத்தி

நெல்லிக்குப்பத்தில் எங்கள் கொல்லையில் யாரும் திசை பார்த்துச் செடி வைத்ததில்லை. துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடுகிற வழியில் வாழை, அதன் ஓரத்தில் கற்பூரவள்ளி, கிணற்றடி ஈரத்தில் வல்லாரை, வேலியில் தூதுவளை. தண்ணீர் போகிற இடம்தான் தோட்டம். வெயில் கேட்காமலே வரும். சித்திரையில் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும் சூரியன், ஆவணி பிறக்கும்வரை நடுப்பகலில் சற்று வடக்கே சாய்ந்தே நகரும்.

இப்போது நான் இருக்கும் லண்டனில் மழைக்குக் குறைவில்லை, வெயிலைத்தான் தேட வேண்டும். டிசம்பர் நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் ஏறும். ஆறடி மரவேலியின் நிழல் இருபதடியைத் தாண்டும். இங்கே தோட்டம் போட நகராட்சி குறைந்த வாடகைக்கு விடும் நிலத்துக்கு அலாட்மென்ட் என்று பேர். அதில் ஒரு துண்டு எனக்குக் கிடைத்ததும், விதைக்கடைக்குப் போகாமல், நிழல் எங்கே விழுகிறது என்று காலையும் மாலையும் பார்த்துக் குச்சி நட்டு வைத்தேன்.

மூலிகைப் பாத்தி நாலடி அகலம். இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டாம். ஆளுயரம் தாண்டும் லவேஜ் வடக்கு ஓரத்தில். நடுவில் சேஜும் ரோஸ்மேரியும். தெற்கு விளிம்பில் தைம், ஓரிகானோ, சைவ்ஸ். புதினாவுக்கு மட்டும் தனி ஏற்பாடு: தொட்டியோடு மண்ணில் புதைத்தேன். விட்டால் அதன் வேர்க்கொடி பாத்தி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

அம்மாவுக்குப் போனில் எல்லாம் பிடித்தது, உரம் தவிர. “எரு போடாம என்னடா தோட்டம்?” என்றார். எங்கள் பக்கத்தில் அது நியாயமான கேள்வி. 1842 முதல் சர்க்கரை ஆலை ஓடுகிற ஊர். ஆலையிலிருந்து வண்டி வண்டியாக வரும் பிரஸ்மட் என்ற கழிவும், சாணமும் போட்டுத்தான் கரும்பும் வளர்ந்தது, எங்கள் கத்தரியும் வளர்ந்தது. ஆனால் தைமும் ரோஸ்மேரியும் மத்தியதரைக்கடல் ஓரத்துக் கல்மேட்டுச் செடிகள். எருவைக் கொட்டினால் தளதளவென்று வளரும், வாசம் போய்விடும். லண்டன் களிமண்ணில் நான் கலந்தது சிறுகல்லும் மணலும்தான். பாத்தியையும் ஓரடி உயர்த்தினேன். இந்தச் செடிகளைக் கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, குளிர்காலத்தில் வேரில் தேங்கும் ஈரம். ஆடிப்பட்டக் கணக்கும் இங்கே உதவாது. வசந்தத்தில் நட்டால்தான் குளிருக்கு முன் வேர் பிடிக்கும்.

பல்லாண்டுச் செடி என்றாலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. லவேஜும் சைவ்ஸும் பனிக்காலத்தில் தடயமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். பெயர் எழுதிய குச்சி இல்லையென்றால் மார்ச்சில் மண்வெட்டி அவற்றின்மேலேயே இறங்கும். தைம் சில வருடத்தில் கட்டையாகிவிடும், மாற்ற வேண்டும். ஊரில் மாடத்திலேயே வருடக்கணக்கில் நிற்கிற துளசி, இங்கே முதல் உறைபனியோடு சரி.

கறிவேப்பிலைக்குப் பாத்தியில் இடமே இல்லை. அதன் தாவரவியல் பெயரில் இருப்பவர் கோனிக். சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடிக்கு 1768-இல் வந்த மருத்துவர், லின்னேயஸின் மாணவர். நம் கடற்கரையில் செடி சேகரித்த ஐரோப்பியரின் பேரைச் சுமந்துகொண்டு, அது ஐரோப்பாவில் என் சமையலறை ஜன்னலோரம் தொட்டியில் இருக்கிறது. ஜூனில் வெளியே வைப்பேன். செப்டம்பர் முடிவதற்குள் உள்ளே தூக்கிவிட வேண்டும். குளிர்காலத்தில் இலை கொட்டும். அப்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும். ரசத்துக்கு ஒரு கொத்துக்கு மேல் கிள்ள வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.