ஒரே மாத்திரை, வெவ்வேறு உடல்

காசநோய்க்கு ஐசோனியசிட் என்னும் மருந்து 1952-ஆம் ஆண்டு பயனுக்கு வந்தது. இன்றும் அந்நோயாளர் உண்ணும் மருந்துகளுள் அது முதன்மையானது. ஆனால் வாயிலிட்ட மாத்திரை உடலுக்குள் அவ்வண்ணமே இருந்துவிடுவதில்லை. கல்லீரலிலுள்ள நொதி ஒன்று அசெட்டைல் என்னும் சிறு அணுக்கூட்டத்தை அதனுடன் பிணைத்து, அதன் வீரியத்தைப் போக்கி, சிறுநீர்வழி வெளியேறச் செய்கிறது. இம்மாற்றத்தை அளந்தறிவதே, முனைவர் பட்டம் பெற்றபின் நாம் மேற்கொண்டுள்ள ஆராய்ச்சி.

இதில் நமக்குத் துணைநிற்பது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி. மூலக்கூறுகளை நிறுக்கும் தராசு என்று அதனைச் சொல்லலாம். குருதியிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களை நுண்ணிய தூறலாகத் தெளித்து, மின்னேற்றி, வெற்றிடத்தில் செலுத்தி, எடைவாரியாகப் பகுக்கின்றோம். இவ்வாறு தெளிக்கும் முறையை உருவாக்கிய ஜான் ஃபென் 2002-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். ஐசோனியசிட்டின் மூலக்கூறு எடை 137. அசெட்டைல் சேர்ந்தபின் 179. இவ்விரண்டும் எவ்வளவு உள்ளன என்று கண்டால், அவ்வுடல் மருந்தை எத்துணை விரைவாக மாற்றுகிறது என்பது புலனாகும்.

நம் மேசைக்கு வரும் குப்பிகளில் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். ஆயினும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு தாயோ தந்தையோ இருப்பதை நாம் மறப்பதில்லை. ஒரே அளவு மருந்தை உண்டவர்களுள் ஒருவரிடத்தில் அது ஏறத்தாழ 1 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. மற்றொருவரிடத்தில் 3 மணி நேரமும் அதற்கு மேலும் ஆகின்றது. இது பெற்றோர் வழி வந்த இயல்பு. எவருடைய குற்றமும் அன்று.

சென்னையில் 1956-இல் நிறுவப்பெற்ற காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம், இத்தகைய நுண்கருவிகள் வருமுன்னரே இவ்வேறுபாட்டை ஆராய்ந்தது. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து தந்தபோது, விரைந்து மாற்றுவோர்க்குப் பயன் குறைந்தது. மருந்தின் அளவு மிகுந்தபோதோ, மெதுவாக மாற்றுவோர்க்கே கைகால்களில் எரிச்சலும் மரமரப்பும் மிகுதியாகத் தோன்றின. இத்துன்பத்தைத் தடுக்க இன்று பைரிடாக்சின் என்னும் வைட்டமின் பி6 உடன் தரப்படுகிறது. நாள்தோறும் தவறாது மருந்துண்ணும் முறையில், விரைந்து மாற்றுவோரும் நன்கு குணமடைகின்றனர்.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் நோயாளியை, "பக்கத்து வீட்டுக்காரர் இதே மாத்திரையைத்தானே விழுங்கினார்? உனக்கு மட்டும் என்ன வந்தது?" என்று கடிந்துகொள்ளும் இல்லங்கள் உண்டு. மனம் நொந்தவர் மாத்திரையை ஒளித்து வைப்பார். பின்னர் அடியோடு நிறுத்துவார். மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் மீள்வதோடு, அம்மருந்துக்கு அடங்காத கிருமியும் தோன்றக்கூடும். அவருடைய கால் மரத்தது உண்மை. அண்டை வீட்டாருக்கு ஒன்றும் நேராததும் உண்மை. ஆகவே அவர் சொல்வதை நம்புங்கள். மருந்தை நிறுத்தாமல், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம் கருவி குப்பியிலுள்ளதை மட்டுமே அளக்கும். நோயாளியின் சொல்லை முதலில் கேட்க வேண்டியவர்கள் வீட்டாரே.